கண்ணாடிக்குள் உங்கப்பா சட்டை

ஏலே சீனி,

நீ பொறந்த அன்னைக்கு உங்கப்பா உன் நாக்குல சீனித்தண்ணி தொட்டு வச்சாரு. அதுல இருந்து வீட்டுல உனக்கு இதுதான் பேரு. வேலை பார்க்கிற இடத்துல உன்னை ‘சார்’னு கூப்பிடுறாங்கன்னு போன வாரம்தான் தெரிஞ்சுக்கிட்டேன். இந்தக் கடிதம் அந்த சாருக்கு இல்லை. போன்ல சொல்லிடலாம்னு நாலு தடவை கூப்பிட்டேன். ரெண்டு தடவை மீட்டிங்ல இருக்கேன்னு சொன்ன. ஒரு தடவை நான் வாயைத் திறக்கும்போதே அழுதுட்டு வச்சுட்டேன். கடைசித் தடவை நீ பேசினதைக் கேட்க மாட்டாம நானே வச்சுட்டேன். அதனாலதான் எழுதுறேன். அஞ்சாவதோட நின்னவ நான், எழுத்துக் கூட்டித்தான் எழுத வரும். மூணு நாளா, பூக்கட்டுற நேரம் போக மிச்ச நேரத்துல உக்காந்து எழுதியிருக்கேன். நீ இதை ஒரே மூச்சுல படிக்கணும். வேற யார் கையில கிடைச்சுப் படிச்சாலும் எனக்கு வெக்கம் இல்லை.

போன வியாழக்கிழமை, பூ வித்து முடிச்சதும் மும்தாஜு என்னைக் கூட்டிக்கிட்டுப் போனா. நம்ம பூக்கடைக்குப் பக்கத்துல பேரீச்சம்பழம், ஊதுபத்தி விக்கிறாளே, அவதான். மகளுக்குச் சுடிதார் துணி எடுக்கணும்னா. பஸ் ஸ்டாண்டுக்கு அந்தப் பக்கம் புதுசா நாலு மாடியில ஜவுளிக்கடை திறந்திருக்காங்கல்ல, நீ வாசல் அலங்காரமும் லைட்டும் செஞ்சு குடுத்த கடைன்னு எனக்குத் தெரியும். ஆனா நீ உள்ள என்ன வச்சிருக்கன்னு தெரியாது. உங்கப்பா போயி ஏழு மாசம், நமக்கு இந்த வருசம் பொங்கல் கிடையாது, எனக்கு அங்க எடுக்கிறதுக்கு ஒண்ணும் இல்லை. நீ வச்ச லைட்டைப் பார்த்துட்டு வரலாம்னு ஒரு ஆசையிலதான் போனேன். அதையும் சொல்லிடுறேன். மகன் வேலையைப் பார்க்கணும்னு ஆசையாத்தான் போனேன்.

வாசல்ல கூட்டம். பெரிய கண்ணாடிக்கு முன்னாடி ஆளுங்க முதுகைக் காட்டி நின்னு போட்டோ எடுத்துக்கிட்டு இருந்தாங்க. கண்ணாடிக்குள்ள வைக்கோல் பரப்பி, ரெண்டு மண்பானை, ஒரு கரும்புக் கட்டு, நடுவுல ஒரு ஆம்பளைப் பொம்மை. பக்கவாட்டுல இருந்து மஞ்சளா ஒரு வெளிச்சம் அது தோள்ல விழுந்து கிடக்கு, சாயங்காலம் நாலரை, அஞ்சு மணிக்கு நம்ம சம்பங்கிக் காட்டு வரப்புல விழுமே, அச்சு அசல் அந்த வெளிச்சம். மும்தாஜுதான் முதல்ல பார்த்தா. என் முழங்கையைப் பிடிச்சு அழுத்தினா. “அக்கா, அந்தப் பொம்மை போட்டிருக்கிறது அண்ணன் சட்டை மாதிரியே இருக்குக்கா”ன்னா. நான் பார்த்தேன். நீலக் கட்டம். பையோட ஓரம் கிழிஞ்சதுக்கு நீல நூல் இல்லாம நான் சிவப்பு நூல்ல தச்சது. அதுக்குக் கீழ பீடி நெருப்பு பட்ட ஓட்டை. மாதிரி இல்லை, அதேதான்.

இப்ப நான் சொல்றதை நீ நம்பணும். எனக்கு முதல்ல கோபம் வரலை. நீ அந்தப் பொம்மையை நிறுத்தி வச்சிருந்த நிப்பு இருக்கே, இடது தோள் ஒரு விரக்கடை கீழ இறங்கி, தலை செத்த சாஞ்சு, பூக்கூடையை இறக்கி வச்சுட்டு அவரு நிக்கிற அதே நிப்பு. முப்பது வருசம் அவரோட குடும்பம் நடத்தின எனக்கே அவரு தோள் சாஞ்சிருக்குன்னு நீ வச்ச பொம்மையைப் பார்த்துத்தான் தெரிஞ்சுச்சு. நடுரோட்டுல, அத்தனை பேருக்கு முன்னாடி, “ஏங்க, வந்துட்டீங்களா”னு என் வாயில வந்துருச்சு. சத்தமா வந்துருச்சுடா. போட்டோ எடுத்துக்கிட்டு இருந்த ஒரு பையன் திரும்பிப் பார்த்து, “ஆத்தா, செத்த தள்ளி நில்லுங்க, உங்க நிழல் விழுது”ன்னான். அப்பத்தான் நிமிர்ந்து மூஞ்சியைப் பார்த்தேன். மூஞ்சி இல்லை. கண்ணு, மூக்கு, வாய் ஒண்ணும் இல்லாம உரிச்ச முட்டை மாதிரி வெள்ளையா ஒரு தலை. மும்தாஜு தண்ணி பாட்டிலைத் திறந்து குடுத்தா, அங்கேயே ஓரமா உக்காந்து வாந்தி எடுத்தேன். உன் கடை வாசல்லதான்.

அந்தச் சட்டை உன் கைக்கு எப்படி வந்துச்சுன்னு உனக்கு ஞாபகம் இருக்கும், இருந்தாலும் எழுதுறேன். அவரு போனதுக்கு முந்தின நாள் காட்டுல இருந்து வந்து கழட்டி ஆணியில மாட்டின சட்டை அது. மறுநாள் விடியக்காலம் நெஞ்சு வலிக்குதுன்னாரு, ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலயே முடிஞ்சுருச்சு. சட்டை ஆணியிலேயே தொங்குச்சு. பதினாறாம் நாள் முடிஞ்சதும் உங்க சித்தப்பா அவரு துணியெல்லாம் மூட்டை கட்டிக் குளத்துல விட எடுத்துட்டுப் போனாரு. செத்தவங்க துணி வீட்டுல ஒரு இழை கூட இருக்கக்கூடாதுன்னு சொல்லித் திரும்பத் திரும்பக் கேட்டாரு. நான் எல்லாம் குடுத்தாச்சுன்னு பொய் சொல்லிட்டு அந்த ஒரு சட்டையைத் தலையணை உறைக்குள்ள திணிச்சு வச்சேன். துவைக்கலை. துவைச்சா அவரு போயிருவாருன்னு எனக்குத் தெரியும். நீ ஊருக்குக் கிளம்புற அன்னைக்குத் தலையணை ஓரத்துல நீலக் கட்டம் தெரியுறதைப் பார்த்துட்டு, “அப்பா ஞாபகமா நான் வச்சுக்கிறேம்மா, என்கிட்ட அவரோடது ஒண்ணுமே இல்லை”ன்னு அழுத. பெத்த பிள்ளை கேட்கிறானேன்னு குடுத்தேன். எனக்குன்னு அவரோடதுல மிச்சம் இருந்தது அது ஒண்ணுதான் சீனி. அதைத்தான் குடுத்தேன்.

வாயைக் கழுவிட்டு உள்ள போனேன். அந்தக் கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னாடி சின்னதா ஒரு கதவு, குனிஞ்சு போகணும். ஒரு பிள்ளை தொடைச்சுக்கிட்டு இருந்தா, பேரு செல்வியாம், வத்தலக்குண்டுல இருந்து தினம் பஸ்ஸுல வர்றவ. நான் யாருன்னு சொன்னதும் அவளுக்குக் கண்ணெல்லாம் மலர்ந்து போச்சு. “சாரோட அம்மாவா நீங்க? சார் இந்த லைட்டை மூணு நாளு மாத்தி மாத்தி வச்சாரும்மா. எல்லாம் முடிஞ்சு வெளிய போயி ரோட்டுல நின்னு பார்த்துட்டு, செத்த நேரம் கண்ணைத் தொடைச்சுக்கிட்டு நின்னாரு. இவரு எங்கப்பான்னு என்கிட்ட சொன்னாரு”ன்னா. நீ அழுதியா? அழுதிருப்ப. நான் இல்லைங்கலை. ஆனா நான் அப்ப அந்தப் பொம்மையோட முதுகுப் பக்கம் நின்னுக்கிட்டு இருந்தேன். முன்பக்கம் அம்புட்டு அழகா உக்காந்திருந்த சட்டை, பின்னாடி கொத்தாப் பிடிச்சு ஆறு கிளிப்பு போட்டு இறுக்கியிருக்கு. துணி காயப்போடுற கிளிப்பு மாதிரிதான். பொம்மை ஒல்லி, உங்கப்பா சட்டை பெரிசு. முதுகு எப்படி இருந்தா என்ன, ரோட்டுல போறவன் கண்ணுக்கு முன்பக்கம்தானே தெரியும்.

அவரைக் குளிப்பாட்டி எடுத்த அன்னைக்கு ஞாபகம் இருக்கா? கை விறைச்சுப் போச்சு, புதுச் சட்டையை மாட்ட முடியலை. நீதான் கத்திரிக்கோலை வாங்கி சட்டையோட முதுகை மேல இருந்து கீழ வரைக்கும் கிழிச்ச. ரெண்டு பக்கமும் கையை நுழைச்சு முன்னாடி மட்டும் பட்டனைப் போட்டீங்க. “பார்க்கிறவுகளுக்கு முன்பக்கம் போதும்ப்பா”ன்னு சித்தப்பா சொன்னாரு. அது தப்பில்லை, போறவருக்குப் பின்பக்கம் எதுக்கு. ஆனா அதே வேலையை ஒரு கடைக்குள்ள லைட்டு போட்டு நீ மறுபடியும் செஞ்சிருக்க பாரு, அந்தக் கிளிப்புகளைப் பார்த்தப்ப எனக்கு அதுதான் தோணுச்சு. ஒரு தடவை அவருக்குப் பொணச் சட்டை போட்டது பத்தாதா உனக்கு?

சட்டை முதுகும் கையிடுக்கும் ஈரமா இருந்துச்சு. வேர்வை ஊறின மாதிரி. தொட்டுப் பார்த்தேன், பிசுபிசுன்னு ஒட்டுச்சு. என்ன பிள்ளை இதுன்னு கேட்டேன். செல்வி பெருமையாத்தான் சொன்னா: “கிளிசரின்ம்மா. தண்ணியில கலந்து தினம் கடை திறந்ததும் அடிப்போம். வேர்வை நிஜமாத் தெரியணும்னு சார் சொல்லியிருக்காரு. காய்ஞ்சா லைட்டுல மினுக்காது.” நான் கேட்டேன், “அதுல நிஜ வேர்வையே இருந்துச்சே தாயி, அது எங்க?” அவ ஒரு மாதிரி சிரிச்சா. “அய்யோ அது நாத்தம் அடிக்கும்மா. இந்தப் பெட்டிக்குள்ள ஏசி கிடையாது, லைட்டு சூட்டுக்குக் கிளம்பிரும். சாரே வரும்போது ட்ரைவாஷ் போட்டுத்தான் கொண்டு வந்தாரு.”

அந்தப் பிள்ளை மேல எனக்கு வருத்தம் இல்லை. அவ சொல்லிக் குடுத்ததைச் செய்றவ. அவரோட வேர்வையைக் காசு குடுத்துப் போக்கிட்டு, அந்த எடத்துல புட்டியில இருந்து வேர்வையை அடிச்சிருக்க. யோசிச்சுப் பார்க்கப் பார்க்க எனக்கு என் கையே அருவருப்பா இருந்துச்சு, அந்தப் பிசுபிசுப்பு போகலை. அவரு பக்கத்துல ஒரு பலகை வேற. ‘மண்ணின் மணம். புதிய பருத்திச் சட்டைகள் முதல் மாடியில்.’ எழுத்துக் கூட்டிப் படிச்சேன்.

கழட்டப் போனேன். கிளிப்பை ஒண்ணொண்ணா எடுத்தேன். வெளிய நின்னவங்க இதுவும் ஏதோ விளம்பரம்னு நினைச்சு போனைத் தூக்கிப் பிடிச்சாங்க, ஒருத்தி எனக்குக் கை கூட ஆட்டினா. பட்டனைக் கழட்டி இழுத்தேன், வரலை. “அம்மா, இழுக்காதீங்க, கிழிஞ்சுரும். கையைத் திருகி எடுத்தாத்தான் சட்டையைக் கழட்ட முடியும்”னு செல்வி சொன்னா. பொம்மைக்குக் கையைத் தனியாத்தான் மாட்டுவாங்களாமே. நான் மணிக்கட்டைப் பிடிச்சேன். சில்லுன்னு இருந்துச்சு. தோள் அதே மாதிரி சாஞ்சிருந்துச்சு. என்னால திருக முடியலைடா. பிளாஸ்டிக்குன்னு தெரியும், முட்டைத் தலைன்னு தெரியும், இருந்தாலும் அந்தக் கையைத் திருகி எடுக்க எனக்குத் தைரியம் வரலை. பட்டனை மறுபடியும் போட்டுவிட்டேன். காலர் மடங்கியிருந்துச்சு, அதையும் சரி பண்ணினேன். அதுக்காக என் மேலயே எனக்கு ஆத்திரம்.

அதுக்குள்ள மேனேஜர் வந்துட்டாரு. முதல்ல “யாரும்மா உள்ள விட்டது?”ன்னு அதட்டினாரு. செல்வி காதுல சொன்னதும் குரல் மாறிருச்சு. “சாரோட அம்மாவா! வாங்கம்மா, ஏசியில உக்காருங்க, ஜூஸ் சொல்றேன்.” ஜூஸ் வேணாம், சட்டை வேணும்னேன். “அதைத் தொட முடியாதும்மா, அது சார் கையால வச்சது. அவரு ஒரு வார்த்தை போன்ல சொன்னாருன்னா இந்த நிமிசம் கழட்டிடுறோம்”ன்னாரு. மும்தாஜு விடலை. “ஏம்ப்பா, உங்க வீட்டுல மவுத்தாப் போனவுக சட்டையை வாசல்ல தொங்கவிடுவீகளா?”ன்னு கேட்டா. அவரு தலையைக் குனிஞ்சுக்கிட்டாரு. ஆனா கழட்டலை.

அங்க நின்னுக்கிட்டுத்தான் உன்னை நாலு தடவையும் கூப்பிட்டேன். கடைசித் தடவைதான் ‘ஏன்டா’ன்னு ஒரு வார்த்தை கேட்டேன். நீ என்ன சொன்ன? “அம்மா, அப்பாவை ஊரே பார்க்குதும்மா. இருந்தப்ப அவரை யாரு திரும்பிப் பார்த்தா? இது நான் அவருக்குச் செய்ற மரியாதைம்மா. பொங்கல் முடியட்டும், அடுத்து மதுரைக் கடையிலயும் இதே செட்டு கேட்டிருக்காங்க, அங்க முடிஞ்சதும் உனக்கே தந்துடுறேன்.” செட்டு. உங்கப்பா இப்ப ஒரு செட்டு. அப்பத்தான் போனை வச்சேன்.

மூணு நாளா உன்னைத் திட்டி எழுதி எழுதிப் பார்த்தேன். எழுத எழுத, திட்டு பாதி என் மேலதான் வந்து விழுது. இதை நான் சொல்லித்தான் ஆகணும். நாத்தம்னு உனக்குச் சொல்லிக் குடுத்தது யாரு? நான்தான். அவரு பூவுக்குப் பூச்சி மருந்தடிச்சுட்டு வந்து உன்னைத் தூக்கப் போனா, “குளிச்சிட்டுத் தொடுங்க, பிள்ளை மேல நாத்தம் ஒட்டும்”னு புடுங்கிக்குவேன். பள்ளிக்கூடத்துக்கு உன்னைக் குளிப்பாட்டி அனுப்பும்போதெல்லாம், “படிச்சு நிழல்ல உக்காந்து வேலை பாருலே, உங்கப்பன் மாதிரி நாறாதே”ன்னு சொல்லிச் சொல்லித்தான் சோப்பு போட்டேன். அவரு கொல்லையில நின்னு கேட்டுக்கிட்டு இருப்பாரு. ஒரு நாளும் திருப்பிப் பேசலை. நான் பாயைத் தள்ளிப் போட்டப்பவும் பேசலை. செத்ததுக்கு அப்புறம் அந்த நாத்தத்துல மூஞ்சியைப் புதைச்சுப் படுத்திருந்தேனே, அதை அவரு பார்த்திருந்தா சிரிச்சிருப்பாரு.

லைட்டும் நான் குடுத்த தைரியம்தான். பத்தாவது லீவுல நீ நம்ம பூக்கடைக்கு வெள்ளை லைட்டு கட்டினியே. முந்தின நாள் சம்பங்கி, ஓரமெல்லாம் பழுத்தது, அந்த லைட்டுக்குக் கீழ இப்பத்தான் பறிச்ச மாதிரி வெள்ளை வெளேர்னு நின்னுச்சு. “எது மேல வெளிச்சம் படுதோ அதைத்தான்மா ஆளு பார்ப்பான்”னு நீ சொன்ன. எனக்குப் பெருமை தாங்கலை, கூடை காலியாச்சு. மறுநாள் சாணார்பட்டியில இருந்து ஒரு பொம்பளை வந்து பொட்டலத்தை என் மடியில விட்டெறிஞ்சா. “மக வளைகாப்புக்கு வாங்கிட்டுப் போனேன்டி, வீட்டுல பிரிச்சா பூராம் பழுத்த பூவு! உன் லைட்டையும் சேர்த்து முடிஞ்சு குடுத்திருந்தீன்னா அங்கயும் மாட்டியிருப்பேன்ல!” சுத்தி இருந்த கடைக்காரங்க எல்லாம் சிரிச்சாங்க. உங்கப்பாதான் கூடையைத் தூக்கி வெயிலுக்குக் கொண்டு போயி, பழுத்ததைப் பொறுக்கி மாட்டுக்குப் போட்டுட்டு, நல்லதை அந்தப் பொம்பளைக்குக் கட்டிக் குடுத்தாரு. நான் அவரைத்தான் ஏசினேன், “பிள்ளை மூளையைப் பாராட்டத் தெரியாத மனுசன்”னு. உன்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கணும் அன்னைக்கு. கேட்கலை. நீ அங்க இருந்து கிளம்பினவன்தான், இங்க வந்து நிக்கிற.

இப்ப கேட்டுக்கோ. பொம்மைக்கு என்ன சட்டை வேணாப் போடு, என்ன லைட்டு வேணாக் கட்டு. அது உன் பொழைப்பு, நல்லாச் செய்யிற, அதை நான் கண்ணால பார்த்தேன். ஆனா வீட்டுல அழுத அழுகையை எடுத்துட்டுப் போயி வாசல்ல வைக்காதே. அவரை யாரும் திரும்பிப் பார்க்கலைன்னு சொன்னியே, அது நெசம்தான், நாம ரெண்டு பேரும் பார்க்கலை. அந்தக் குறைக்கு ஊரைக் கூப்பிட்டுக் காட்டினா சரியாப் போயிருமா? அங்க போட்டோ எடுத்தவங்கள்ல ஒருத்தர் கூட இவரு யாருன்னு கேட்கலை. நான் அவ்வளவு நேரம் நின்னேன், ஒருத்தர் கேட்கலை. நாளைக்கு உனக்குக் கல்யாணம் ஆகி ஒரு பிள்ளை பொறந்து, அது உன் மேல என்ன வாசம் அடிச்சாலும் மூக்கைப் பொத்தாம வந்து ஒட்டிக்கிட்டு நிக்கணும். உன் பொண்டாட்டியை என்னை மாதிரி பேச விடாதே.

மதுரைக்கு அந்தச் சட்டை போகக்கூடாது. போன்ல சொல்லி வேற ஆளை வச்சுக் கழட்டவும் கூடாது. நீ பொங்கலுக்கு முன்னாடி வா. நீயே அந்தக் கதவுல குனிஞ்சு போயி, நீயே அந்தக் கையைத் திருகி எடுத்து, நீயே கழட்டு. என்னால முடியலை, நீ கத்திரி பிடிச்சவன், உன்னால முடியும். கழட்டி என்கிட்ட தர வேணாம். எனக்கு எதுக்கு, அதுல இப்ப ட்ரைவாஷ் மணமும் கிளிசரினும்தான் இருக்கு. சித்தப்பா கேட்டப்பவே குடுத்திருக்கணும், நான் ஒளிச்சு வச்ச தப்புக்கு அது ஊரு வாசல்ல தொங்குது. ரெண்டு பேரும் போயி ஆத்தூர் டேம் தண்ணியில விட்டுட்டு வந்துருவோம்.

தலையணையில இப்ப என் தலை எண்ணெய் வாசம்தான் வருது. உறையைத் திருப்பிப் போட்டும் பார்த்தேன். அவரு வாசம் எப்படி இருந்துச்சுன்னு கண்ணை மூடி யோசிச்சா, பீடி ஞாபகம் வருது, மருந்து ஞாபகம் வருது, சம்பங்கிக் காம்பு ஞாபகம் வருது, மூணும் சேர்ந்து அவரா வர மாட்டேங்குது. நாளாக ஆக என்னை விட்டுப் போயிக்கிட்டே இருக்கு. அதனால ஒண்ணே ஒண்ணு கேட்கிறேன். நீ அந்தச் சட்டையை ட்ரைவாஷ் கடையில குடுக்கிறதுக்கு முன்னாடி, ஒரே ஒரு தடவையாவது மூஞ்சியில வச்சு மோந்து பார்த்தியா சீனி?